அந்தோனியாரின் தங்கச்சி

பக்கத்து யூனிட்டுக்குக் குடிவந்த எகிப்துக்கார அம்மாவின் நோன்பைக் கெடுத்த பிறகுதான் எனக்கும் அவருக்கும் பழக்கமே உண்டானது. தெரிந்து கெடுக்கவில்லை. அன்று எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு. ஒரு தட்டு நிறையச் சோறு, கறிகள், தயிர்ப் பச்சடி, பக்கத்தில் ஒரு கிண்ணம் பால் பாயாசம் என்று கொண்டுபோய் நீட்டினேன். அவர் தயங்கி, தாங்கள் இப்போது நோன்பு என்றார். "பயப்படாமச் சாப்பிடுங்கோ, முழுக்க மரக்கறி" என்றேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டார். பாயாசக் கிண்ணத்தைக்கூட வழித்துச் சாப்பிட்டார். எனக்கு ஒரே பெருமை.

அவர்கள் கொப்டிக் கிறிஸ்தவர்கள், எகிப்தின் மிகப் பழைய சபை. அவர்களுடைய நோன்பில் பால், தயிர், நெய் ஒன்றும் ஆகாது என்பதை இரண்டு கிழமை கழித்து அவருடைய மகன்தான் சிரித்துக்கொண்டு சொன்னான். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். "பிறகு ஏன் தம்பி அம்மா சாப்பிட்டவ?" என்று கேட்டேன். பழைய காலத்தில் பாலைவனத்தில் இருந்த துறவிகளும் அப்படித்தானாம். வருடம் முழுக்கக் காய்ந்த ரொட்டியும் உப்பும் தின்று கிடப்பார்களாம். யாராவது வந்துவிட்டால் நோன்பை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். நோன்பை நாளைக்கும் பிடிக்கலாம், வந்த மனுசர் நாளைக்கு இருக்கமாட்டார் என்று விளக்கினான். எனக்கு அந்தத் துறவிகளை அன்றைக்குப் பிடித்துப்போயிற்று. பிற்பாடு அவர்கள்மேல் வந்த கோபம் வேறு கதை.

நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டில், பக்குரங்கா என்ற புறநகரில், ஒரே டிரைவ்வேயில் மூன்று யூனிட்டுகள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் கணவனை இழந்தவர், ஒரே மகன். மகன் பொறியியலாளன், நகர மையத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவான். நான் மவுண்ட் வெல்லிங்டனில் பொதி கட்டும் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் வேலை பார்த்தேன், இரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். பின்னேரத்தில் அவர் வருவார், அல்லது நான் போவேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டு, அந்தச் சொல்லுக்கு அர்த்தமும் சொல்லிக் கொடுத்தேன். விளைவு, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மனுசியும் என்னை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பேரும் பேசியது அவரவர் ஊர் வாசனையுள்ள ஆங்கிலம். எனக்கு அது ஞாபகத்தில் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

அடுத்த வருடம், 2014இல், ஒரு மழைக்காலப் பின்னேரம் அக்கா வந்து என் குசினியில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவன் துறவியாகப் போறானாம்," என்றார்.

எகிப்துக்குத் திரும்பிப் போய்ப் பாலைவனத்து மடம் ஒன்றில் சேரப் போகிறானாம். கல்யாணம் இல்லை, சம்பளம் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. நான் அடுப்பை நிறுத்தினேன். அவர் அழுதார். அழுகையின் நடுவே சொன்னதுதான் என் மனதைச் சுட்டது.

"கோவிலில எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு வாழ்த்துகினம். துறவியைப் பெத்தவள் எண்டால் பெரிய பாக்கியமாம். அங்க நான் அழேலாது. அழுதால் சந்தோசத்தில அழுகிறன் எண்டு நினைக்கினம். அதுதான் இஞ்ச வந்தனான்."

கோவில் பெண்கள் ஆறுதலுக்கு ஒரு கதையும் சொல்லியிருந்தார்கள். பழைய காலத் துறவி ஒருவரைப் பார்க்க அவருடைய தாய் பாலைவனம் தாண்டி நடந்து போனாளாம். மகன் கதவைத் திறக்கவில்லையாம். வெளியே நின்று அழுத தாயிடம், இங்கே பார்க்காவிட்டால் மோட்சத்தில் பார்க்கலாம் என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டாராம். தாயும் சந்தோசமாகத் திரும்பிப் போனாளாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சந்தோசமாப் போனாள் எண்டு ஆர் எழுதினது? அவள் எழுதினவளோ?" என்று கேட்டேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய வாய் மெல்லச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இனி இந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். என் கணவர் "உமக்கேன் ஊர்வம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மகன் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் உருட்டிக்கொண்டு போகும்போது மறித்தேன். நல்ல பிள்ளை. மறித்தால் நிற்பான்.

"தம்பி, அம்மாவை இந்தக் குளிர் ஊரில தனிய விட்டிட்டு நீர் எங்க போறீர்?"

அவன் கோபப்படவில்லை. சொத்து முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போன அந்தோனியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். உலகத்தில் உள்ள துறவிகளுக்கெல்லாம் அவர்தான் தகப்பன் மாதிரியாம். எனக்கு அந்தோனியார் என்றால் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கோவில் அந்தோனியார்தான். கையில் குழந்தையேசு, மற்றக் கையில் லில்லிப் பூ. தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமென்றால் சைவக்காரராகிய நாங்களும் மெழுகுதிரி கொளுத்துவோம். "அவரை எனக்கு நல்லாத் தெரியும். என்ர தோட்டைக் கண்டுபிடிச்சுத் தந்தவர். அவர் ஒருநாளும் அம்மாவை விடச் சொல்லமாட்டார்," என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அது வேறு அந்தோனியாராம். இவர் அவருக்கும் பல நூறு வருடம் முந்தினவர், எகிப்துக்காரர், தாடி வைத்த கிழவர்.

சரி, வேறு ஆள் என்றால் வேறு ஆள். "அவருக்கு வீட்டில ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

தாய் தகப்பன் இறந்துவிட்டார்களாம். ஒரு தங்கச்சி இருந்தாளாம், சின்னவள். அவளைச் சில கன்னியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம்.

"அவள் என்ன சொன்னவள்?"

"ஆர்?"

"தங்கச்சி. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, அண்ணனும் போறான். வீடு வாசலும் வித்தாச்சு. அவள் என்ன சொன்னவள் எண்டு எழுதியிருக்கோ?"

அவன் யோசித்தான். தெரிந்ததையெல்லாம் மனதில் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "எனக்குத் தெரிய இல்லை," என்றான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவன் குப்பைத் தொட்டியை விட்டுவிட்டு, "அதை நான் ஒருக்காலும் கேட்டுப் பார்க்கேல்லை, அன்ட்டி," என்று வருத்தத்தோடு சொன்னபோது எனக்கு வென்ற சந்தோசம் வரவில்லை. உள்ளே போய் என் மகளைக் காரணமில்லாமல் ஏசினேன். அவள் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த மாதக் கடைசியில் அக்காவின் கணவருடைய நினைவு நாள். நானும் கோவிலுக்குப் போனேன். பழைய மண்டபம் ஒன்றைக் கோவிலாக்கியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மூன்று மணித்தியாலம் பாட்டும் தூபமும். சுவர் முழுக்கப் பெரிய கண்களோடு புனிதர்கள். நான் அந்தத் தாடிக்கார அந்தோனியாரைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன். பூசை முடிய எல்லோருக்கும் சிலுவை முத்திரை குத்திய வட்ட ரொட்டி கொடுத்தார்கள், எனக்கும் தந்தார்கள். பிறகு மண்டபத்தில் அவித்த பயறும் ரொட்டியுமாகச் சாப்பாடு.

அன்று எகிப்திலிருந்து ஒரு மூத்த துறவி வந்திருந்தார். மகன் சேர நினைத்த அதே மடத்தவர். கறுப்பு அங்கி, தலையில் சிலுவைகள் தைத்த கறுப்புத் தொப்பி. எல்லோரும் அவருடைய கையை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்ததும் நான் போய் முன்னால் நின்றேன். என் வாய் எனக்கு முன்னால் போகிற வாய். இவனுடைய தாய்க்கு இந்த நாட்டில் ஒரு சொந்தமும் இல்லை என்றேன். அது உண்மை. கார் ஓட்டத் தெரியாது, டொக்டரிடம் கூட்டிப்போக ஆளில்லை என்றேன். அதுவும் உண்மை. நெஞ்சுவருத்தம் இருக்கிறது, மகன் போனால் மனுசி தாங்காது என்றேன். அது பொய். அக்காவுக்குப் பிரஷர் மட்டும்தான், அதற்கு ஒரு குளிசை.

துறவி கடைசிவரை கேட்டார். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். "தங்கச்சி," என்றேன். சேலையையும் பொட்டையும் பார்த்தார்.

அன்று பின்னேரமே மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். தாய் தன் வாயால் போய் வா என்று சொல்லும்வரை மடத்தின் கதவு உனக்குத் திறக்காது. அதைக் கேட்டுத் தாயை நச்சரிக்கவும் கூடாது. அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த முறை உண்மையாகவே சந்தோசத்தில். நானும் அழுதேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு வடையெல்லாம் சுட்டேன்.

மகன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகம் கோணவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சம்பளத்தைத் தாயிடம் கொடுத்தான். ஆனால் மடத்துக்குப் போகாமலே மடத்து வாழ்க்கையை அந்த அறைக்குள் தொடங்கிவிட்டான். பழைய சாமான்களைக் கவுன்சில் வந்து அள்ளிப்போகும் கிழமையில் அவனுடைய மெத்தை புல்தரையில் கிடந்தது. யாரோ ஒரு வேனில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வெறும் பாயில் படுத்தான். நாளைக்கு ஒரு நேரம் சாப்பாடு. விடியற்காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தொம், தொம் என்று சத்தம் கேட்கும். விழுந்து கும்பிடுகிறான். முதலில் எண்ணிப் பார்த்தேன். நாற்பதோடு நிறுத்திவிட்டேன், பஸ் போய்விடும்.

தாய்க்கு ஒரு குறை வைக்கவில்லை. குழாயைத் திருத்தினான், சாமான் வாங்கி வந்தான், பிரஷர் குளிசையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தான், கால் பிடித்துவிட்டான். நான் அக்காவிடம், "பாத்தீங்களே, எப்பிடிப் பாக்கிறான்," என்று மெச்சினேன். ஆறு மாதம் போயிருக்கும். அக்கா சலிப்போடு சொன்னார்.

"முந்தி உப்புக் குறைஞ்சால் கத்துவான். சேர்ட்டைக் காணேல்லை எண்டு கத்துவான். நான் திருப்பிக் கத்துவன். இப்ப எது குடுத்தாலும் நன்றி அம்மா எண்டுறான். ஒருநாளும் கோவிக்கிறானில்லை. கோவிக்காத பிள்ளையோட எப்பிடி இருக்கிறது?"

நான் கோபக்காரி. கோபம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன். நான் ஏசினால் மகள் கதவைச் சாத்துகிறாள். கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்று திறந்துகொண்டு வருகிறாள். அக்கா வீட்டில் கதவு சாத்தவே இல்லை. எந்நேரமும் திறந்திருக்கிறது, உள்ளே அவன் சிரித்த முகத்தோடு பணிவாக இருக்கிறான். மனுசி மெலிந்துகொண்டு வந்தார். அந்தப் பொய் என்னை அரிக்கத் தொடங்கியது.

ஒருநாள் இருவரும் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். துறவியிடம் போய்க் கதைத்தது நான்தான், நெஞ்சுவருத்தம் என்று பொய் சொன்னதும் நான்தான் என்று. கையில் ஈரத்துணியோடு நின்றேன். இனி என்னோடு கதைக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கிளிப்பைக் குத்தி முடித்தார். "தெரியும்," என்றார். "நீர் சொல்லுவீர் எண்டு தெரிஞ்சுதான் உம்மட்ட வந்து அழுதனான். எனக்கு அந்த ஐயாவிட்டச் சொல்ல வாய் வராது. உமக்கு வரும்."

ஒரு வருடமாக இந்த அக்காவுக்காக நான் சண்டை பிடித்தேன் என்று இருந்தேன். மனுசி என்னை அனுப்பிச் சண்டை பிடித்திருக்கிறார். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு அவர் கேட்டார், "நீர் வெளிக்கிட்டு வரேக்க உம்மட அம்மா என்ன சொன்னவ?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு இருபத்தினாலு வயது. கல்யாணம் பேசி, விசா வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக வேன் வந்து நின்றது. அம்மா வாசலுக்கு வரவில்லை. குசினியில் பாத்திரம் விளக்கிக்கொண்டு நின்று, "நேரமாகுது, போ," என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காக அவர்மேல் பல வருடம் மனத்தாங்கல் வைத்திருந்தேன். அதன் பிறகு இரண்டு தரம்தான் போய்ப் பார்த்தேன். மூன்றாம் தரம் போக டிக்கெட் போட்டபோது அவர் இல்லை.

"'நேரமாகுது, போ' எண்டவ," என்றேன்.

அக்கா தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. அவ்வளவு காலமும் அந்தத் துறவிகளை, தாயை வாசலில் நிறுத்தியவனை, தங்கச்சியை ஒப்படைத்துவிட்டுப் போனவனை, நான் ஏசியது எல்லாம் எனக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது. நானும் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவள்தான். சாமிக்காகக்கூட இல்லை. நல்ல வாழ்க்கைக்காக.

மறுநாள் ஞாயிறு. கோவிலால் வந்த மகனிடம் அக்கா அரபியில் ஏதோ சொல்வது சுவருக்கு இப்பால் கேட்டது. நாலைந்து சொல்தான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அழுதது கேட்டது. குழந்தைபோல ஏங்கி ஏங்கி அழுதான். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். கேட்கிற உரிமை எனக்கில்லை என்று பட்டது.

விமான நிலையத்துக்கு என் கணவரின் காரை நான்தான் ஓட்டினேன். ஒரு சின்னப் பைதான் அவனிடம் இருந்தது. "அம்மாவைப் பாருங்கோ, அன்ட்டி," என்றான். "பாக்காம? போம், நேரமாகுது," என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய வாய் பேசுகிறது என்று உறைத்தது.

மடத்தில் உடனே துறவியாக்கிவிடமாட்டார்கள். வருடக்கணக்கில் சமையல், தோட்டம், மாடு என்று வேலை செய்வித்துப் பார்த்த பிறகுதான். அந்த நாள் வந்தபோது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு வியாழக்கிழமை அக்காவின் போனுக்குப் படங்கள் வந்தன. கோவில் நடுவே ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். தலை முதல் கால்வரை ஒரு துணி போர்த்தியிருக்கிறது. சுற்றி நின்று பாடுகிறார்கள். ஏதோ நடந்துவிட்டது, பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன். அக்காதான் விளக்கினார். துறவியாகிறவனுக்கு அன்றைக்கே செத்தவீட்டுப் பாட்டெல்லாம் பாடிவிடுவார்களாம். பழைய ஆள் செத்துப்போனான் என்று கணக்கு. எழும்பும்போது வேறு பெயர், வேறு உடை.

வெள்ளி பின்னேரம் கோவில் பெண்கள் இனிப்புகளோடு வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். சனி காலை நான் போனபோது அவர் மேசையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். மகன் கூப்பிடப் போகிறானாம். எங்களுக்குச் சனி காலை, அங்கே வெள்ளி இரவு.

"இனி அவன்ர பேரைச் சொல்லக் கூடாது," என்றார் அக்கா. "அபூனா எண்டு கூப்பிடவேணும். எங்கட தகப்பன் எண்டு அர்த்தம். எல்லாத் துறவியையும் அப்பிடித்தான்."

"நீங்களுமோ?"

"நானும்."

"பெத்த பிள்ளையைத் தகப்பன் எண்டோ? இது என்ன ஞாயம்?" என்று நான் தொடங்கவே போன் அடித்தது. அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றார். துறவியோடு பேசுவதென்றால் உட்கார்ந்து பேசமாட்டார்கள். தலையில் கட்டியிருந்த லேஞ்சித் துணியைச் சரிசெய்துகொண்டார். ஸ்பீக்கரில் போட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பக்கமிருந்து அவன் ஹலோ, ஹலோ என்றான்.

"அபூனா," என்றார் அக்கா.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா அரபியில் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்ததில் எனக்குப் புரிகிற ஏழெட்டு அரபிச் சொற்களில் அதுவும் ஒன்று.

"அபூனா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டன் அம்மா," என்றான் அவன். "வயிறு நிறையச் சாப்பிட்டன்."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கன்னமெல்லாம் கண்ணீர். முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அவன் போன நாளிலிருந்து நான் கண்டதில்லை.

"பொய் சொல்லுறான்," என்றார்.